காந்தத்தைச் சின்னதாக்கினால் என்ன ஆகும்?

கேள்வி இதுதான்: "கொழும்பில் பௌதிகவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இறுதி ஆண்டு ஆய்வுக்குக் காந்த நனோ துணிக்கைகள் என்று தலைப்புத் தந்திருக்கிறார்கள். வீட்டில், காந்தத்தில் இனி ஆராய என்ன இருக்கு என்று கேட்கிறார்கள். நனோ காந்தம் என்றால் சின்னக் காந்தம்தானே? பெரிய கருவிகள் இல்லாமல் இங்கே இருந்துகொண்டு உருப்படியாக ஏதும் செய்யலாமா?"

தங்கச்சி, உங்கள் வீட்டார் கேட்டதை என்னிடம் என் மாமா கேட்டார். வெள்ளவத்தையில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில், வடையைக் கையில் வைத்துக்கொண்டு. அன்றைக்கு நான் ஏதோ உளறிச் சமாளித்தேன். இன்றைக்குக் கேட்டால் சொல்வேன்: நனோ காந்தம் சின்னக் காந்தம் இல்லை. ஒரு அளவுக்குக் கீழே போனால் அது வேறு சாமான். ஒரே இரும்பு ஒக்சைட்டுத்தான், இரசாயனச் சூத்திரம் மாறுவதில்லை, ஆனால் விட்டம் மாறியதும் குணம் மாறிவிடுகிறது.

முதலில் ஒரு ஆணியை எடுங்கள். ஆணி முழுக்க இரும்பு, இரும்பின் ஒவ்வொரு அணுவும் ஒரு குட்டிக் காந்தம், பக்கத்துப் பக்கத்து அணுக்கள் ஒரே திசையைப் பார்த்து நிற்கத்தான் விரும்புகின்றன. அப்படியென்றால் கடையில் வாங்கிய ஆணி ஏன் இன்னொரு ஆணியை இழுப்பதில்லை? 1907இல் பியர் வைஸ் சொன்ன பதில்: இரும்புக்குள் பல பேட்டைகள் இருக்கின்றன. டொமைன் என்பார்கள். ஒவ்வொரு பேட்டைக்குள்ளும் எல்லா அணுவும் ஒரே திசை; பேட்டைக்குப் பேட்டை திசை வேறு. மொத்தத்தில் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு வெளியே ஒன்றும் தெரிவதில்லை. காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனால் சாதகமான பேட்டை வளர்கிறது, மற்றது சுருங்குகிறது, இடையில் உள்ள சுவர் நகர்கிறது. அந்தச் சுவர் வழுக்கிக்கொண்டு போவதில்லை. தடக்கித் தடக்கிப் போகிறது. 1919இல் பார்க்ஹௌசன் இரும்பைச் சுற்றிக் கம்பிச் சுருள் போட்டு, பெருக்கியில் இணைத்து, அந்தத் தடக்கலைச் சத்தமாகவே கேட்கவைத்தார். மழைக்காலத்து ரேடியோ இரைச்சல் மாதிரி இருக்கும். பெருக்கி பூட்டிய பழைய ஒலிபெருக்கி ஒன்று, நூறு இருநூறு சுற்றுச் செப்புக் கம்பி, ஒரு துண்டு மென்னிரும்பு, ஒரு காந்தம் இருந்தால் வீட்டிலேயே கேட்கலாம். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு பின்னேரம் அலைந்தால் எல்லாம் கிடைக்கும்.

அந்தச் சுவருக்கு ஒரு தடிப்பு உண்டு. இரும்பில் அது சில பத்து நனோமீற்றர். சரி, துணிக்கையையே அந்த அளவுக்குக் கொண்டுவந்துவிட்டால்? சுவர் எழுப்பவே இடமில்லை. துணிக்கை முழுவதும் ஒரே பேட்டை. இதை 1930இல் பிரென்கெலும் டோர்ஃப்மனும் சொன்னார்கள், 1946இல் கிட்டெல் கணக்குப் போட்டுக் காட்டினார். நீங்கள் செய்யப்போவது அனேகமாக மக்னடைற்று என்ற இரும்பு ஒக்சைட்டாக இருக்கும். அதில் நூறு நனோமீற்றருக்குச் சற்றுக் கீழே இந்த நிலை வந்துவிடும். இப்போது ஒவ்வொரு துணிக்கையும் ஒரு முழுக் காந்தம், ஆணி மாதிரிச் சோம்பேறி இல்லை. அப்படியென்றால் இன்னும் சின்னதாக்கினால் இன்னும் நல்ல காந்தம் வரவேண்டும்தானே?

வராது. அங்கேதான் வெப்பம் உள்ளே வருகிறது.

பளிங்குக்குள் காந்தத்திசைக்குப் பிடித்தமான வழி ஒன்று உண்டு. அதன் எதிர்த்திசையும் அதே அளவு பிடித்தமானது. ஒன்றிலிருந்து மற்றதுக்குப் புரள ஒரு மேட்டைத் தாண்டவேண்டும். மேட்டின் உயரம் துணிக்கையின் கனவளவோடு கூடும். வெப்பச் சக்தி அந்த மேட்டை ஓயாமல் முட்டிக்கொண்டே இருக்கும். 1949இல் லூயி நேயல் எழுதிய கணக்கு இது: புரளுவதற்கு ஆகும் சராசரி நேரம், மேட்டின் உயரத்தை வெப்பச் சக்தியால் பிரித்துவரும் எண்ணோடு அடுக்குக்குறி விதிப்படி ஏறும். இதைத் தாளில் ஒருதரம் நீங்களே போட்டுப் பாருங்கள், வாசித்தால் உறைக்காது. மக்னடைற்றுக்கு வழக்கமாகப் போடும் எண்களைப் போட்டால், 15 நனோமீற்றர் விட்டத்தில் அந்த விகிதம் 5க்கு அருகில் வரும். முட்டல் ஒன்றுக்கு நூறு கோடியில் ஒரு செக்கன் என்று வைத்தால், புரளும் நேரம் சுமார் 0.15 மைக்ரோசெக்கன். இப்போது விட்டத்தை இரட்டிப்பாக்குங்கள், 30 நனோமீற்றர். கனவளவு எட்டு மடங்கு, விகிதம் 40. புரளும் நேரம்? ஏழு வருசத்துக்கும் மேல்.

ஒரு நிமிசம் அதிலேயே நில்லுங்கள். விட்டம் இரண்டு மடங்கு, நேரம் மைக்ரோசெக்கனிலிருந்து வருசக் கணக்குக்கு. பௌதிகவியலில் அடுக்குக்குறி எத்தனையோ இடத்தில் வரும், ஆனால் ஒரு போத்தல் தூளில் இவ்வளவு வெளிச்சமாகத் தெரிவது குறைவு. உங்கள் தூளில் விட்டம் 15 என்று நீங்கள் எழுதினாலும் உண்மையில் 10இலிருந்து 20 வரை பரவியிருக்கும். அதாவது, ஒரே போத்தலுக்குள் நனோசெக்கனில் புரளுகிறதும் இருக்கும், நூறு மைக்ரோசெக்கனுக்கும் மேல் காத்திருக்கிறதும் இருக்கும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்தத் தூள் காந்தமா இல்லையா என்பது கேட்கும் கருவியைப் பொறுத்தது. அதிரும் மாதிரிக் காந்தமானி, வீஎஸ்எம் என்போம், ஒரு புள்ளியை அளக்கச் செக்கன் கணக்கில் எடுக்கும். அதற்குள் துணிக்கை கோடிக் கணக்கில் புரண்டுவிடும். வெளிப்புலம் இல்லாதபோது சராசரி பூச்சியம், காந்தம் இல்லை என்று கருவி சொல்லும். காமாக் கதிரால் இரும்பின் அணுக்கருவைப் பார்க்கும் மோஸ்பவர் கருவி, நூறு மில்லியனில் ஒரு செக்கனில் படம் பிடிக்கிற மாதிரி. அதன் கண்ணுக்கு அதே துணிக்கை அசையாமல் நிற்கும், காந்தம் என்று சொல்லும். இரண்டும் பொய் சொல்லவில்லை. இந்த நிலைக்குச் சுப்பர்பரமகாந்தம் என்று பெயர்.

இதைக் குறை என்று நினைக்கவேண்டாம். கொவிட் நேரம் பிசிஆர் சோதனைக்கு மாதிரியிலிருந்து ஆர்என்ஏயைப் பிரித்தெடுக்கப் பல இடங்களில் பயன்பட்டது காந்த மணிகள். சின்ன மணிக்குள் இப்படியான இரும்பு ஒக்சைட்டுத் துணிக்கைகள். குழாயின் பக்கத்தில் காந்தத்தை வைத்தால் ஒரு சுவரில் போய் ஒட்டும், அழுக்கை ஊற்றிவிடலாம். காந்தத்தை எடுத்தால் மணிகளுக்குக் காந்த ஞாபகமே இல்லை, ஒன்றோடொன்று கட்டிபடாமல் திரும்பக் கலங்கும். ஞாபகம் இல்லாதது அங்கே வரப்பிரசாதம். வன்தட்டுக்காரருக்கு அதுவே தலையிடி. அவர்கள் ஒரு பிட்டைப் பத்து வருசம் வைத்திருக்கவேண்டும், அதேநேரம் பிட்டைச் சின்னதாக்கவும் வேண்டும். அதனால்தான் மேடு மிக உயரமான இரும்பு-பிளாட்டினம் கலவைக்குப் போனார்கள். மேடு உயர்ந்தால் எழுதும் முனையாலும் புரட்ட முடியாது. ஆகவே எழுதும் கணத்தில் மட்டும் லேசரால் ஒரு புள்ளியைச் சூடாக்கி, புரட்டி, ஆறவிடுகிறார்கள்.

வன்தட்டு என்றதும் ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. 1988இல் பாரிசுக்குப் பக்கத்தில் அல்பேர் ஃபேரின் குழுவும், ஜேர்மனியில் பீட்டர் கிரூன்பெர்க்கின் குழுவும் தனித்தனியாக, இரும்பையும் குரோமியத்தையும் நனோமீற்றர் கணக்கான தடிப்பில் மாறிமாறி அடுக்கினார்கள். காந்தப்புலம் வைத்ததும் மின்தடை சடுதியாக விழுந்தது. ஃபேரின் பல அடுக்குப் படலத்தில், திரவ ஹீலியக் குளிரில், பாதியளவுக்கு. பத்து வருசம் ஆகமுதல், 1997இல், அது ஐபிஎம் வன்தட்டின் வாசிக்கும் முனையில் வந்துவிட்டது. 2007இல் இருவருக்கும் நோபல். ஆய்வுகூடத்திலிருந்து கடைத்தெருவுக்கு இவ்வளவு வேகமாக வந்த பௌதிகவியல் அதிகம் இல்லை. மாமாவுக்கு நான் சொல்லியிருக்கவேண்டிய பதில் இதுதான்.

ஆராய என்ன மிச்சம் என்றால், நியோடிமியம் காந்தத்தையும் பாருங்கள். 1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் சகாவாவும் அமெரிக்காவில் குரோட்டும் வெவ்வேறு வழியில் கொண்டுவந்தது. உங்கள் ஃபோனின் ஒலிபெருக்கியில், ஹெட்ஃபோனில், மின்சார வாகனத்தின் மோட்டாரில் எல்லாம் அதுதான். ஆனால் 312 பாகை செல்சியஸில் காந்தத்தன்மையை முழுதாக இழந்துவிடும். அதற்கு வெகு முன்னாலேயே எதிர்ப்புலத்துக்குத் தளரத் தொடங்கும். மோட்டார் சூடேறும் என்பதால் டிஸ்புரோசியம் என்ற அருமண் உலோகத்தைச் சேர்க்கிறார்கள், அது விலை கூடியது, கிடைப்பதும் கஷ்டம். அதைக் குறைக்க, காந்தத்துக்குள் இருக்கும் குட்டிப் பளிங்கு மணிகளுக்கு இடையில் இருக்கும் சில நனோமீற்றர் தடிப்பு எல்லையை எப்படி அமைப்பது என்று உலகம் முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார்கள். (வெப்பம் பற்றிப் பேசும்போது கடோலினியம் என்ற உலோகம் நினைவுக்கு வருகிறது. அது காந்தத்தன்மையை இழக்கும் எல்லை 20 பாகைக்குப் பக்கத்தில். கொழும்பு மத்தியானத்தில் அது இரும்பு மாதிரிக் காந்தத்தில் ஒட்டாது, ஃபிரிஜ்ஜில் வைத்து எடுத்தால் ஒட்டும். வகுப்பில் காட்ட இதைவிட நல்ல வித்தை எனக்குத் தெரியாது.)

இனி உங்கள் மேசைக்கு வருவோம். மக்னடைற்றுத் துணிக்கை செய்வது சமையலைவிடக் கஷ்டம் இல்லை. 1981இல் மாசார் எழுதிய வழியின் சாரம் இது: இரும்பின் இரண்டு வகை உப்பு, பெரிக் உப்பு இரண்டு பங்கு, பெரஸ் உப்பு ஒரு பங்கு, தண்ணீரில் கரைத்து, கலக்கிக்கொண்டே அமோனியா விடவேண்டும். மஞ்சள் கபிலமாக இருந்த கரைசல் கண்ணுக்கு முன்னால் மைக்கறுப்பாகும். முகவையின் அடியில் காந்தத்தை வைத்தால் கறுப்பு கீழே இறங்கும், மேல் தண்ணீரை ஊற்றிக் கழுவலாம். எல்லாம் ஒரு பின்னேர வேலை. அமோனியாவைப் புகையுறிஞ்சிக்குக் கீழே மட்டும் திறவுங்கள்.

சிக்கல் பெரஸ் உப்பில். பெரஸ் சல்பேற்று இளம் நீலப்பச்சைப் பளிங்காக இருக்கவேண்டும். நம்மூர் ஈரக்காற்றில் மூடியைச் சரியாக இறுக்காத போத்தலைத் திறந்தால் மேலே கபிலத் தூள் படிந்திருக்கும். அது பெரிக் ஆகிவிட்டது என்று அர்த்தம். நீங்கள் இரண்டுக்கு ஒன்று என்று நிறுத்துப் போட்டாலும் உண்மையில் அந்த விகிதம் விழாது. நிறுக்குமுன் போத்தலுக்குள் பாருங்கள், கபிலம் தெரிந்தால் புதிது கேளுங்கள். கேட்க வெட்கப்படவேண்டாம். செய்து முடித்த பிறகும் கறுப்பு மெல்ல மெல்லக் கபிலமாகும். அது மக்னடைற்று ஒட்சியேறி மக்கமைற்று என்ற இன்னொரு இரும்பு ஒக்சைட்டாக மாறுவது. எக்ஸ் கதிர்ப் படத்தில் இரண்டுக்கும் கோடுகள் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் விழும், துணிக்கை சின்னதென்றால் கோடு அகன்று இன்னும் குழப்பும். ஆகவே "எக்ஸ் கதிர்ப்படி இது மக்னடைற்று" என்று ஒரு வரியில் எழுதி முடித்துவிடவேண்டாம். பரீட்சகர் விவரமானவர் என்றால் அந்த வரியில்தான் பிடிப்பார்.

அளந்து பார்த்தால் நிரம்பல் காந்தமாக்கம், அதாவது புலத்தை எவ்வளவு கூட்டினாலும் அதற்குமேல் ஏறாத காந்த அளவு, கிராமுக்கு 60 ஈஎம்யூ (காந்தத் திருப்புதிறனின் அலகு) என்று வரலாம். பாடப்புத்தகத்தில் கட்டி மக்னடைற்றுக்கு 92 என்றிருக்கும். பயப்படவேண்டாம். மேற்பரப்பில் உள்ள அணுக்களுக்கு அயலவர் குறைவு, அவை ஒழுங்காக வரிசையில் நிற்பதில்லை. துணிக்கை சின்னதாகச் சின்னதாக அந்த மேற்பரப்பின் பங்கு கூடும். கழுவாத உப்பும் ஒட்டிய தண்ணீரும்கூட நிறையில் சேரும், ஆகவே முதலில் நன்றாக உலர்த்துங்கள். அலகுகளில் கவனம்: காந்தப்புலத்தைப் பாதி உலகம் எர்ஸ்டெட்டில் எழுதும், மீதி உலகம் டெஸ்லாவில். இரண்டையும் ஒரே வரைபில் கலந்து வைத்தவர்களை நான் கண்டிருக்கிறேன். நானும் ஒருதரம் கலந்திருக்கிறேன்.

இப்போது என் சொந்தக் கதை. ஒருகாலத்தில் நாக ஒக்சைட்டுக்குள் சிறிதளவு மங்கனீசு சேர்த்தால் அறை வெப்பநிலையிலும் காந்தமாகும் என்று ஒரு அலை அடித்தது. 2000இல் டீட்டிலும் கூட்டாளிகளும் கொள்கையளவில் சொன்ன ஒரு எதிர்வுகூறல் அதைக் கிளப்பியது. நானும் அந்த அலையில் குதித்தேன். தூள் செய்தேன், அளந்தேன், அழகான வளையம் வந்தது. ஹிஸ்டரிஸிஸ் வளையம், காந்த ஞாபகம் இருக்கிறது என்பதன் அடையாளம், புத்தகத்தில் போடுகிற மாதிரி. அன்றிரவு நித்திரையே இல்லை. கட்டுரையின் தலைப்பைக்கூட மனசுக்குள் எழுதிவிட்டேன்.

மற்றக் கிழமை அதே தூளைத் திரும்ப அளந்தேன், வளையம் பாதியானது. இன்னொரு பொட்டலம் போட்டேன், வளையம் இரட்டிப்பானது. மங்கனீசே சேர்க்காத வெறும் நாக ஒக்சைட்டைப் போட்டேன். அதற்கும் வளையம்! இரண்டு மாதம் வேதனைப்பட்டதுக்குப் பிறகு, அந்த ஆய்வுகூடத்தின் தொழில்நுட்ப உதவியாளர், தேத்தண்ணி குடித்துக்கொண்டே, "இதை எதால அள்ளினீங்கள்?" என்று கேட்டார். எவர்சில்வர் கரண்டி. நுனியில் தேய்ந்து, கண்ணுக்குத் தெரியாத தூசாக உதிர்ந்துகொண்டிருந்திருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். இரும்பு கிராமுக்குச் சுமார் 218 ஈஎம்யூ. ஒரு மைக்ரோகிராம் இரும்பு என்றால் 0.0002 ஈஎம்யூவுக்கு மேல். நல்ல கருவி அதில் நூறில் ஒரு பங்கையும் காணும். ஒரு மைக்ரோகிராம் இரும்பு எவ்வளவு பெரிது? ஒரு பக்கம் 0.05 மில்லிமீற்றர் உள்ள ஒரு குறுணி, தலைமயிரின் தடிப்பு. நான் உலகத்துக்கு அறிவிக்க இருந்த கண்டுபிடிப்பு அந்தக் குறுணிதான். அந்த அலையில் வந்த எத்தனையோ கட்டுரைகள் பிற்பாடு இதே மாதிரியான சந்தேகத்துக்கு ஆளாயின என்பது எனக்குக் கொஞ்சம் ஆறுதல். அன்றிலிருந்து பிளாஸ்டிக் கரண்டி, பிளாஸ்டிக் இடுக்கி. மாதிரி போடுமுன் வெறும் தாங்கியை முதலில் அளப்பேன். அந்த வெற்று அளவையும் ஆய்வறிக்கையில் போடுங்கள். உங்கள் மக்னடைற்றின் சைகை பெரிதுதான், ஒரு குறுணி அதை அசைக்காது. ஆனால் பழக்கம் இப்போதே வரட்டும்.

கருவி இல்லையே என்ற கேள்விக்கு: கொழும்பில் எல்லாம் ஒரே கட்டடத்துக்குள் கிடைக்காது, அது உண்மை. ஒரு அளவுக்கு ஒரு இடம், இன்னொன்றுக்கு ஹோமாகம, மற்றதுக்கு வெளிநாட்டில் இருக்கிற ஒருவருக்குப் பார்சல் என்று அலையத்தான் வேண்டும். அதனால் உங்கள் வேலையில் பாதியைக் கணினியில் வையுங்கள் என்பது என் அபிப்பிராயம். காந்தத்திசை எப்படி மாறுகிறது என்று கணினியில் பார்க்கும் நுண்காந்தக் கணிப்புக்கு, அமெரிக்காவின் அளவீட்டு நியம நிறுவனமான நிஸ்ட் வெளியிட்ட ஊம்ஃப், பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகத்தின் மியூமேக்ஸ் இரண்டும் இலவசம். மியூமேக்ஸுக்கு என்விடியா கிராஃபிக்ஸ் அட்டை வேண்டும். கேம் விளையாடுகிற தம்பி யாராவது வீட்டில் இருந்தால் அவருடைய கணினியை இரவில் கடன் வாங்கலாம். தொடங்கும்போது நிஸ்ட்டின் நான்காவது நியமக் கணக்கைச் செய்யுங்கள்: நிக்கல்-இரும்புக் கலவையில் 500க்கு 125 நனோமீற்றர், 3 நனோமீற்றர் தடிப்பில் ஒரு துண்டு, புலம் வைத்ததும் காந்தம் எப்படிப் புரளுகிறது என்று பார்க்கவேண்டும். உலகத்துக் குழுக்களின் விடைகள் வெளியிடப்பட்டிருக்கின்றன, உங்களுடையதை அதன்மேல் போட்டுப் பார்க்கலாம். பொருந்தும்வரை வேறொன்றையும் தொடவேண்டாம்.

கடைசியாக, நம் இடத்துக்கென்றே ஒரு விசயம். கொழும்பு காந்த நடுக்கோட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. லண்டனில் தாராளமாக ஆடவிட்ட காந்த ஊசி மூக்கைக் கீழே குத்திக்கொண்டு நிற்கும், இங்கே கிட்டத்தட்டப் படுத்துக்கொள்ளும். புவிக்காந்தப் புலம் இங்கே சுமார் 40 மைக்ரோடெஸ்லா, கிடையாகவே ஓடுகிறது.

1975இல் பிளேக்மோர் என்ற ஆராய்ச்சியாளர், சேற்றில் வாழும் ஒருவகைப் பக்டீரியா காந்தப்புலத்தின் வழியே நீந்துவதை அறிவித்தார். அதன் உடம்புக்குள் மக்னடைற்றுத் துணிக்கைகள் மாலை கோத்த மாதிரி வரிசையாக இருக்கும். அளவு? பெரும்பாலும் 35இலிருந்து 120 நனோமீற்றர் வரை: ஒற்றைப் பேட்டையாக இருக்கப் போதுமான சிறிது, வெப்பத்தால் புரளாமல் இருக்கப் போதுமான பெரிது. நாம் தாளில் போட்ட அதே கணக்கை அது நமக்கு முன்னாலேயே போட்டுவைத்திருக்கிறது. வட அரைக்கோளத்தில் வடக்கே நீந்துவதுதான் அதிகம், தெற்கில் தெற்கே நீந்துவதுதான் அதிகம். அப்படிப் போனால் சரிந்த புலம் அவற்றைக் கீழே, ஒட்சிசன் குறைந்த சேற்றுக்குக் கொண்டுபோகும். காந்த நடுக்கோட்டில், பிரேசிலின் ஃபோர்தலேசாவில், 1981இல் பார்த்தபோது இரண்டு வகையும் ஏறக்குறைய சரிபாதி. படுத்துக் கிடக்கும் புலத்தில் எந்தப் பக்கம் போனாலும் கீழே போகாதுதானே.

பேரை வாவியிலோ பொல்கொடையிலோ சேற்றையும் அதே இடத்துத் தண்ணீரையும் ஒரு கண்ணாடிப் போத்தலில் எடுங்கள், கையுறை போட்டுக்கொண்டு. மூடியை இறுக்காமல், வெளிச்சம் குறைந்த மூலையில் சில நாள் வையுங்கள். பிறகு சேற்றுக்குச் சற்று மேலே, போத்தலின் வெளிப்புறம் இரு பக்கமும் ஒவ்வொரு சட்டக் காந்தத்தை ஒரு மணித்தியாலம் ஒட்டிவிட்டு, அந்த இரண்டு இடத்திலிருந்தும் துளி எடுத்து நுணுக்குக்காட்டியில் நானூறு மடங்கில், மேடையில் ஒரு காந்தம் வைத்துப் பாருங்கள். ஐரோப்பியச் செய்முறைகளில் துளியின் ஒரு விளிம்பைப் பார்த்தால் போதும் என்றிருக்கும். நீங்கள் இரண்டு விளிம்பிலும் எண்ணுங்கள்.